மருந்துக்கு முன் பறவையைப் பாருங்கள்
மார்கழியில் ஒரு நாள் தூறல், மறுநாள் பனிமூட்டம், இடையே வெயில் என வானம் மாறிக்கொண்டே இருக்கும். சம்பா வயலில் இலைச்சுருட்டுப்புழு தோன்றுவதும் இப்போதுதான். மழை விட்டதும் விவசாயிகள் வரப்பைச் சுற்றி வருவது நல்லது.

அந்நேரம் கரிச்சானும் கொக்கும், குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் வாலாட்டிக் குருவியும் பூச்சி பிடிக்கும். அவை கூடும் இடத்தில் இறங்கி இலைகளைப் பார்க்கவேண்டும். பூக்கும் முன் நூற்றுக்குப் பத்து இலைக்குக் குறைவாகச் சேதம் இருந்தால் மருந்து தேவையில்லை, செலவு மிச்சம்.

ஏக்கருக்கு 15 முதல் 20 'டி' வடிவக் குச்சிகளைப் பயிருக்கு மேல் ஓரடி உயரம் நிற்குமாறு நடலாம். பகலில் கரிச்சான் அமர்ந்து பூச்சி பிடிக்கும். இரவில் ஆந்தை எலி பிடிக்கும். கதிர் பால் பிடிக்கும்போது குச்சிகளை எடுத்துவிடவேண்டும். இல்லையேல் மணி தின்னும் குருவிகள் வந்து அமரும்.