மலைநாட்டுக் கதைகள் – 9: கூகை பேசிய மொழி

இரு குன்றுகளைக் காவடியாகச் சுமந்து வந்த இடும்பனைச் சென்ற வாரம் பழனிப் படிகளின் நடுவிலே, அவனுடைய சந்நிதியில் விட்டு வந்தோம். செண்பகனூரில் இயேசு சபையார் 1895-இல் நிறுவிய அருங்காட்சியகத்துக்குச் சென்றால், பழனி மலைத்தொடரின் விலங்குகளும் பறவைகளும் பதம் செய்யப்பட்டுக் கண்ணாடிப் பேழைகளில் நிற்பதைக் காணலாம். பேழைக்குள் அடங்காத ஒருத்தியைத் தேடுவோர் கொடைக்கானலையும் கடந்து, மலைப்பூண்டு விளையும் பூம்பாறைக்குப் போகவேண்டும். குழந்தை வேலப்பரைத் தரிசிக்க வந்து அங்கே இரவு துயின்ற அருணகிரிநாதரைக் கொல்ல ஒரு ராட்சசி வந்தாளென்றும், முருகன் குழந்தை வடிவில் அவரருகே படுத்துக்கொள்ளவே, தாயும் சேயும் உறங்குவதாக எண்ணித் திரும்பிவிட்டாளென்றும் ஸ்தல ஐதிகம் கூறுகிறது.

அவளுடைய ரூபத்தைப் பற்றி ஐதிகம் அதிகம் பேசுவதில்லை. ரூபத்தைச் சொல்லியே நடுங்க வைக்கும் வித்தையில் செயங்கொண்டாருக்கு நிகரானவர் தமிழில் இல்லை. முதற் குலோத்துங்கனின் கலிங்க வெற்றியைப் பாடிய பரணியில், கலப்பையையும் மண்வெட்டியையும் கோத்தாற்போன்ற பற்களும், தொங்கி மார்பிலே மோதும் உதடும், பாம்பிலே ஓந்தியைக் கோத்த தாலியுமாக அவர் பேய்களை நிறுத்துகிறார். ஆயினும் ஊமைப்பேயும் குருட்டுப்பேயும் கூழுக்கு நிற்கும் கட்டத்தில் நம் அச்சம் தேய்ந்து பரிவாகிவிடுகிறது. கண்ணால் அளந்துவிட்ட எதற்கும் மனம் நெடுநேரம் அஞ்சாது என்பது என் துணிபு. கம்பர் இதை அறிந்தவர். சூர்ப்பணகை அழகியாக வரும் செய்யுளை மெல்லோசையால் நிரப்பி, அந்த மென்மைக்குள்ளேயே நஞ்சையும் வஞ்சத்தையும் ஒளித்து வைத்தார்.

அருணகிரியார் இன்னும் ஒரு படி மேலே சென்று, உருவத்தை அறவே விட்டு ஒலியைப் பற்றினார். திருவண்ணாமலையில் அவர் பாடிய முதல் திருப்புகழில் போர்க்களம் வரும் இடத்தைச் சற்று நிறுத்தி, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பைரவர் பொருளற்ற அசைகளையே ஓத, பறைகள் முழங்குகின்றன. தொடர்ந்து எழும் கிழக்கூகையின் அலறல், வெறும் குகரங்களாகத் தொடங்கி, தாளம் பிசகாமல், வல்லொற்றின் அழுத்தமும் குறையாமல், குத்திப் புதை, புக்குப் பிடி என்னும் ஏவல்களாக மாறிவிடுகிறது! எந்த அசையில் சப்தம் முடிந்து அர்த்தம் பிறந்தது என்று செவியால் பிரிக்க இயலுவதில்லை. நள்ளிரவில் காட்டிலே கேட்ட குரல் தன் பெயரைச் சொல்லி அழைத்ததாக நம்புகிறவனுடைய பீதி எவ்வாறு உண்டாகிறதோ, அவ்வாறே இங்கும் உண்டாகிறது.

மேல்நாட்டில் லூயி கரோல் 1871-இல் வெளியிட்ட நூலில் ஜாபர்வாக் என்னும் கொடும்பிராணியைத் தாமே புனைந்த சொற்களால் பாடினார். பாட்டைப் படித்த ஆலிஸ் என்னும் சிறுமிக்கு, யாரோ எதையோ கொன்றார்கள் என்பது மட்டுமே விளங்குகிறது. சொற்கள் புதியனவாயினும் ஆங்கில வாக்கிய அமைப்பு அங்கே குலையாமல் நிற்கிறது. அதற்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் முன்னரே, 15-ஆம் நூற்றாண்டில், நம்மவர் வாக்கியத்தையே தாளத்தில் கரைத்து, அதிலிருந்து மீண்டும் சொல்லை வடித்தெடுத்தார். இரண்டில் இதுவே அரிய செயல் என்று நான் கருதுகிறேன். திருப்புகழைச் சந்தத்திற்காக மட்டும் புகழ்ந்து பொருளை ஒதுக்குவோர் இந்த ஓரிடத்தையேனும் ஊன்றிக் கேட்கவேண்டும்.

பேயைப் பாடியதோடு நில்லாமல், பேயுருவைத் தாமே வேண்டிப் பெற்று, அப்பெயராலேயே கையொப்பமிட்ட காரைக்காலம்மையாரை அடுத்த வாரம் காண்போம்.