வினை தேடும் துணை

1739-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1954 நவம்பர் முதல் தேதி இந்தியாவோடு இணைந்த காரைக்கால் பிரதேசத்தில், தாத்தா பிரெஞ்சும் பேரன் ஆங்கிலமுமாகக் கற்ற குடும்பங்கள் உண்டு. கோவில்பத்தில் அத்தகைய வீடொன்றில், ‘குறுவை காவிரி நீரைச் சார்ந்திருக்கிறது’ என்பதை இருவரும் தத்தம் பாஷையில் சொல்வதாக வைத்துக்கொள்வோம். தாத்தாவின் வினைக்குப் பின் ‘இருந்து’ என்ற அர்த்தமுடைய ‘து’ வரும். பேரன் ‘டிபெண்ட்’ என்றதும் ‘மேல்’ என்று பொருள்படும் ‘ஆன்’ சேர்ப்பான். லத்தீனில் தொங்குதலைக் குறித்த ஒரே வினையின் சந்ததிகளாகிய இவ்விரண்டில், தொங்குவது எதிலிருந்து என்ற பழைய பாவனையைப் பிரெஞ்சு காப்பாற்றிக்கொள்ள, ஆங்கிலமோ தாங்குவதன் மேல் நிற்கும் பாவனைக்கு மாறிவிட்டது.

வினை தனக்குரிய துணைச்சொல்லை நாடும் இவ்வியல்பு நம் இலக்கணத்துக்குப் புதிதன்று. இன்ன வினை இன்ன வேற்றுமையை அவாவும் என்பதைத் தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் நுட்பமாக ஆராய்ந்திருக்கிறார்: உடலால் சாய்வதல்லாத சார்தலுக்கு இரண்டாம் வேற்றுமையோடு ஏழாவதும் உரியது என்றும், அச்சத்துக்கு ஐந்தாவதும் இரண்டாவதும் பொருள் வேறுபாடின்றி வரும் என்றும் அவர் விதிக்கிறார். ‘புலியை அஞ்சினான்’, ‘புலியின் அஞ்சினான்’ இரண்டும் அவருக்குச் சம்மதம்; நாமோ இன்று ‘புலிக்கு அஞ்சினான்’ என்று நான்காவதையும் தாராளமாக வழங்குகிறோம். ஆகவே இவ்வுறவு தர்க்கத்தால் மட்டும் அமைவதன்று, வழக்கினால் நிலைபெறுவது என்பதே என் திடமான அபிப்பிராயம்.

நம் மாணவர் ஆங்கிலத்தில் இடறும் இடங்களும் இதையே காட்டும். ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்ற தமிழ்ப் பழக்கம், எந்தத் துணைச்சொல்லும் வேண்டாத ‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குப் பின் ‘அபவுட்’டைக் கொண்டுவந்து நிறுத்துகிறது; ‘பாட்டைக் கேள்’ என்ற பழக்கமோ ‘லிஸன்’ என்பதற்கு இன்றியமையாத ‘டூ’வை விழுங்கிவிடுகிறது. ‘லுக்’ என்ற ஒரே வினை ‘அட்’ சேர்ந்தால் பார்த்தலையும், ‘ஃபார்’ சேர்ந்தால் தேடுதலையும், ‘ஆஃப்டர்’ சேர்ந்தால் பேணுதலையும் குறிக்கும் விசித்திரத்தை எந்தச் சூத்திரத்தைக் கொண்டு முன்கூட்டி ஊகிப்பது?

ஆதலால், பிள்ளைகளுக்கு ஆங்கிலம் போதிக்கும் பெற்றோரும் ஆசிரியரும், வினையைத் தனியே நெட்டுருப் போடச் செய்யாமல், அதன் துணைச்சொல்லோடு சேர்த்து ஒரு சிறு வாக்கியமாகவே நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பழகும்படி செய்ய வேண்டுகிறேன்.