எழுத்துச் சரம் கைமாறும் முறை

கணினி நிரல்கள் இருவகைப்படும். நினைவகத்தைத் தானே நேராக ஆள்வது ஒன்று. 1972 அளவில் தோன்றிய சி மொழி நிரல்கள் அவ்வகையின. நினைவகக் காவலை ஒரு மேற்பார்வை அமைப்பிடம் ஒப்படைத்து இயங்குவது மற்றொன்று. ஜாவா, சி ஷார்ப் நிரல்கள் அவ்வகையின. எழுத்துகளைக் கோத்த சரம் ஒன்றை இவ்விரண்டும் வெவ்வேறு வடிவில் வைத்திருக்கின்றன.

சப்பிரகமுவத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் பதிவில் ‘இரத்தினபுரி’ என்னும் பெயர் வருகின்றதெனக் கொள்வோம். கண்ணுக்கு எழுத்து 7. யூனிகோட் குறிகளோ 11. புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனியே எண்ணப்படுதலே காரணம். ஜாவாவின் யூ.டி.எஃப்.-16 முறையில் அது 22 பைட். சி நிரல்களிற் பெருவழக்கான யூ.டி.எஃப்.-8 முறையில் 33 பைட்; முடிவுகாட்டும் சுழி பைட் ஒன்றும் வேண்டும். 32 பைட் இடமே ஒதுக்கப்பட்டிருப்பின், ஈற்று இகரக்குறி சிதைய, ‘இரத்தினபுர’ என்பதே எஞ்சும்.

ஆதலின் கையளிக்குமுன் மூன்று தெளிதல் வேண்டும்: குறிமுறை யாது, பைட் அளவு எவ்வளவு, இடத்தை விடுவிப்பது எப்பக்கம். ஒதுக்கிய பக்கமே விடுவித்தல் முறை. மேற்பார்வை அமைப்பு சரங்களை நினைவகத்துள் இடம்பெயர்த்தலும் கூடும். ஆகவே சி நிரல் அவற்றின் முகவரியைச் சேமித்துவையாது, படியெடுத்துக்கொள்ளல் வேண்டும்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், முன்னோர் இலங்கையிற் பிறந்தமைக்கு மலையகத் தமிழரிடம் சான்று கேட்டது. ஆவணத்தில் ஓரெழுத்தின் பெறுமதியை அம்மக்கள் நன்கறிவர். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டத்தார் பெயர்கள் ஒரு புள்ளியும் குன்றாது கைமாறச் செய்தல் நிரலெழுதுவார் கடனாகும்.