அணு எரிபொருள் கலமும் அரை மணி நேரத் தீயும்

புதுதில்லி: பயன்படுத்தப்பட்ட அணு எரிபொருளையோ கோபால்ட்-60 போன்ற வீரியமிக்க கதிரியக்கப் பொருளையோ ஏற்றிச் செல்லும் கலம், 800 டிகிரி செல்சியஸ் நெருப்பில் முழுமையாக மூழ்கி 30 நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும். சர்வதேச அணுசக்தி முகமையின் இந்த விதியை இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமும் ஏற்றுள்ளது. தீச்சோதனைக்கு முன்பு 9 மீட்டர் உயரத்திலிருந்து கெட்டியான தளத்தில் கலத்தை விழச்செய்யும் சோதனையும் உண்டு.

பல டன் எடையுள்ள கலத்தை ஒவ்வொரு வடிவமைப்புக்கும் எரித்துப் பார்ப்பது எளிதல்ல. ஆகவே கணக்கீட்டின் மூலம் நிரூபிக்கவும் விதிகள் இடமளிக்கின்றன. அந்தக் கணக்கை இன்று கணினி போடுகிறது.

ஆனால், நிஜமான தீ அரை மணி நேரத்தில் அணைந்துவிடுமா?

2001 ஜூலை 18 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், சுரங்கப்பாதைக்குள் சரக்கு ரயில் தடம்புரண்டு, டேங்கர் வேகனிலிருந்த ட்ரைப்ரோப்பிலீன் தீப்பற்றியது. கடுமையான தீ மட்டும் சுமார் 3 மணி நேரம் நீடித்தது. முற்றிலும் அடங்கச் சில நாள்களாயின. அந்த ரயிலில் அணு எரிபொருள் இல்லை. இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று கண்டறிய அந்நாட்டு அணு ஒழுங்குமுறை ஆணையம் முற்பட்டது.

முதலில் சுரங்கத்தையே கணினிக்குள் கட்டினார்கள். மேற்கு வர்ஜீனியாவில் பயன்பாட்டில் இல்லாத சுரங்கப்பாதை ஒன்றில் முன்பு நடந்த தீச்சோதனைகளின் அளவீடுகளோடு அந்த மாதிரி ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது. தீப்பிழம்பின் வெப்பம் சுமார் 1,000 டிகிரி வரை எட்டியிருக்கும் என்று அது காட்டியது. பிறகு மூன்று வகைக் கலங்களை அந்தத் தீயில் வைத்துக் கணக்கிட்டனர்.

கவனிக்க வேண்டியது தீ அணைந்த பிறகு நடப்பதை. தடித்த எஃகுச் சுவரில் வெப்பம் மெதுவாகவே ஊடுருவும். உள்ளிருக்கும் எரிபொருளும் தன் பங்குக்கு வெப்பத்தை உமிழ்ந்தபடி இருக்கும். எனவே வெளியே குளிர்ந்த பின்னரும் உள்வெப்பம் ஏறிக்கொண்டே போகும். கதிர்வீச்சுத் தடுப்பாக ஈயம் இருந்தால் அது 327 டிகிரியில் உருகத் தொடங்கும். மூடியின் அடைப்பு வளையங்கள் அதற்கும் முன்பே பலவீனமாகலாம்.

எரிபொருள் குழாய்கள் உடையாது என்பதே ஆய்வின் முடிவு. ஆயினும் இரண்டு கலங்களில் அடைப்பு வளையங்கள் வெப்ப வரம்பைத் தாண்டுவதால், குழாய்களின் மேற்பரப்பில் படிந்த கதிரியக்கத் துகள்கள் சிறிதளவு கசியக்கூடும் என்றும் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆய்வறிக்கை பகிரங்கமாக வெளியிடப்பட்டது.

இந்தியாவில் இத்தகைய கணக்குகளைச் சரிபார்த்துக் கலத்துக்கு ஒப்புதல் அளிப்பது ஒழுங்குமுறை வாரியம். 1983-ல் நிர்வாக உத்தரவால் பிறந்த அமைப்பு அது. அதற்குப் போதிய சுதந்திரம் இல்லை என்று தலைமைத் தணிக்கையாளர் 2012-ல் கடிந்துகொண்டார். புதிய ஆணையத்துக்கான 2011-ம் ஆண்டு மசோதா, 15-வது மக்களவையோடு 2014-ல் காலாவதியானது. 2025 டிசம்பரில் நிறைவேறிய அணுசக்திச் சட்டம்தான் வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து அளித்தது. அதே சட்டம் தனியார் நிறுவனங்களுக்கும் கதவைத் திறந்தது. உலைகள் பெருகினால் கலங்களின் பயணமும் பெருகும்.

நமது சாலைகளிலும் தண்டவாளங்களிலும் செல்லும் கலங்களுக்கு எத்தனை நிமிடத் தீ கணக்கிடப்பட்டது, அரை மணிக்கு மேல் எரிந்தால் என்னவாகும் என்பதை நாடாளுமன்ற உறுப்பினர் எவரும் எழுத்துமூலம் கேட்கலாம். 15 நாள் முன்னறிவிப்பு தந்தால் போதும்.