ஆதாமின் மக்கள்: திருமறைக்கு வெளியே வழங்கும் கதைகளும் நமது திருச்சபையும்

மதுரையிலிருந்து இராமேசுவரம் சென்று திரும்பும் நம் சபை மக்களுள் சிலர், அங்கு இரயில் நிலையத்திற்கு அண்மையில் உள்ள ஒரு தர்காவைக் குறித்து வியப்புடன் பேசுவதுண்டு. அவ்வளாகத்தில் மிக நீண்ட இரு கல்லறைகள் உள்ளன. அவை ஆதாமின் மைந்தர்களான ஆபேல், காயீன் என்பவர்களுடையவை என்று இஸ்லாமிய மக்கள் வழிவழியாக நம்பிப் போற்றி வருகின்றனர். ஹாபில், காபில் என்பன அவர்கள் வழங்கும் பெயர்கள். "ஐயா, இது மெய்தானா?" என்று போதகரிடம் கேட்பவர்கள் உண்டு. "திருமறையில் இல்லை, ஆகவே பொய்" என்று ஒரே சொல்லில் விடையிறுத்துவிடுவது எளிது. ஆனால் இத்தகைய கதைகள் ஏன் தோன்றின, அவற்றை நாம் எவ்வாறு மதிப்பிட வேண்டும் என்பதை அவ்விடை உணர்த்துவதில்லை.

இக்கதை தனித்து நிற்பதன்று. ஏதேனை விட்டு வெளியேற்றப்பட்ட ஆதாம் முதலில் கால் பதித்த இடம் இலங்கை என்பது இஸ்லாமிய மரபில் பரவலாக வழங்கும் செய்தி. இலங்கையில் 2,243 மீட்டர் உயரமுள்ள ஒரு மலையுச்சியில், பாதம் போன்ற பெரிய தடம் ஒன்று உள்ளது. பௌத்தர்கள் அதைப் புத்தரின் பாதம் என்கின்றனர். சைவர்கள் அம்மலையைச் சிவனொளிபாதமலை என்கின்றனர். இஸ்லாமியர் அது ஆதாமின் பாதம் என்கின்றனர். மொரோக்கோ நாட்டுப் பயணி இபுன் பதூதா 1344ஆம் ஆண்டில் அம்மலையேறி அத்தடத்தைக் கண்டார். பின்னர் அவர் கடல் கடந்து தமிழகக் கரையை அடைந்து, அந்நாளில் சுல்தான்களின் ஆட்சியிலிருந்த நமது மதுரைக்கும் வந்து சேர்ந்தார். இலங்கைக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே உள்ள மணல் திட்டுகளின் வழியே ஆதாம் கடந்து வந்தார் என்ற கதையே, இந்துக்கள் சேது என்று போற்றும் அத்திட்டுகளுக்கு 'ஆதாம் பாலம்' என்ற பெயரையும் அளித்தது. அந்த வழியின் கரையோரத்தில் ஆதாமின் மக்களுக்குக் கல்லறைகள் காட்டப்படுவதில் வியப்பில்லை. மானிட குலத்தின் முதல் தந்தை தங்கள் மண்ணுக்கு அந்நியர் அல்லர் என்று கூற மக்கள் விரும்பினார்கள்.

திருமறையின் சொற்சுருக்கமும் இத்தகைய கதைகளுக்கு இடந்தந்தது. காயீனின் மனைவி யார் என்று ஆதியாகமம் கூறவில்லை. கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த யூபிலி நூல் என்னும் யூத நூல், அவள் அவனுடைய சகோதரியாகிய ஆவான் என்று பெயர் சொல்லுகிறது. ஏதேனுக்கு வெளியே முதல் மனிதர் என்ன செய்தனர் என்பதும் திருமறையில் விரித்துரைக்கப்படவில்லை. 'ஆதாம் ஏவாள் வாழ்க்கை' என்னும் பழைய நூல், ஆதாம் யோர்தானிலும் ஏவாள் திகிரிசு ஆற்றிலும் நின்று நோன்பிருந்து மனங்கசிந்ததாக விவரிக்கிறது. ஆதியாகமத்தின் முதல் இரு அதிகாரங்களும் மனிதப் படைப்பை இரு வகையாகக் கூறுவதை விளக்க முற்பட்ட இடைக்கால யூதக் கதையொன்று, ஏவாளுக்கு முன்னர் லிலித் என்றொரு மனைவி இருந்தாள் என்றும், ஆணுக்குச் சமமாக இருக்க விரும்பிய அவள் பேயுருவானாள் என்றும் சொல்லுகிறது. கிறிஸ்தவர்களும் இதற்கு விலக்கல்லர். ஆதாம் கொல்கொதாவில் அடக்கம்பண்ணப்பட்டார் என்ற மரபை மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் அறிந்திருந்தார். சிலுவையின் அடியில் ஒரு மண்டையோட்டை ஓவியர்கள் வரைவது இம்மரபினாலேயே.

இவற்றை நாம் எவ்வாறு கொள்வது? கட்டுக்கதைகளிலும் முடிவற்ற வம்சவரலாறுகளிலும் மனத்தைச் செலுத்தவேண்டாம் என்று தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபம் எச்சரிக்கிறது (1:4). அதே புதிய ஏற்பாட்டில், யூதாவின் நிருபம் ஏனோக்கு நூலின் கூற்றொன்றை எடுத்தாளுகிறது (வச. 14, 15). ஆகவே எல்லாவற்றையும் தள்ளிவிடுவதும் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வதும் அப்போஸ்தல வழியன்று. இக்கதைகள் வரலாற்றுச் சான்றுகள் அல்ல என்பதைத் தயக்கமின்றிக் கூறவேண்டும். ஆயினும் வேறொரு வினாவும் உண்டு: ஒரு கதை மனிதனைக் குறித்து எதை அறிக்கை செய்கிறது? ஆதியாகமத்தின் அறிக்கை தெளிவானது. ஆதாம் என்னும் எபிரெயச் சொல்லுக்கு மனிதன் என்பதே பொருள். மனிதர் யாவரும் கடவுளின் சாயல், யாவரும் மண், யாவரும் ஒரே குடும்பம். இந்த அறிக்கையே நமது உரைகல்லாகும்.

இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்த்தால் லிலித்தின் கதை தேறாது. பெண்ணின் சமத்துவத்தை அது பேய்க்குணமாக்கிவிடுகிறது. ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னாவின் விளக்கமோ வேறு வகையானது. ஆதியாகமம் 4:10இல் 'இரத்தம்' என்னும் சொல் எபிரெயத்தில் பன்மையில் உள்ளது. கொல்லப்பட்டவன் ஆபேல் மட்டுமல்லன், அவனிடமிருந்து பிறந்திருக்கக் கூடிய தலைமுறைகளும் கொல்லப்பட்டன என்று ரபீமார் இதற்குப் பொருள் கண்டனர். ஓர் உயிரை அழிப்பவன் ஓர் உலகையே அழிக்கிறான் என்று கற்பித்தனர். காயீன் ஆபேல் வரலாற்றை ஒட்டிக் குர்ஆனும் (5:32) இதற்கு நெருங்கிய போதனையைத் தருகிறது. மேலும், கடவுள் மனிதனை ஒருவனாகவே படைத்தது ஏன் என்றும் அதே மிஷ்னாப் பகுதி ஆராய்கிறது. என் தந்தை உன் தந்தையினும் மேலானவர் என்று எவனும் பிறனிடம் சொல்லாதபடிக்கே என்பது அது தரும் விடைகளுள் ஒன்று.

இனி நமது சமவெளிக்கே வருவோம். பழைய இராமநாதபுர மாவட்டப் பகுதியில் பறையர் சமூகத்தாரிடையே வழங்கும் தோற்றக் கதைகளை மானிடவியலாளர் ராபர்ட் டெலீஜ் ஆராய்ந்து, 1993இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவற்றுள் ஒன்று இது. ஆதியில் ஏழைச் சகோதரர் இருவர் இருந்தனர். செத்த பசுவை அகற்றும்படி கடவுள் பணித்தபோது, அவ்வேலையைத் தம்பி பார்ப்பான் என்றான் அண்ணன். தம்பி 'பார்ப்பான்', அதாவது பிராமணன், என்று அவன் கூறியதாகக் கேட்டவர்கள் கொண்டுவிட்டனர். அன்றுமுதல் தம்பி உயர்ந்தவனானான், அண்ணன் தாழ்த்தப்பட்டான். சாதிக்கு அடிப்படை ஒரு சொல்லைப் பிழைபடக் கேட்டதே என்று இக்கதை நகைப்போடு கூறுகிறது. புருஷனின் வாயிலிருந்தும் காலிலிருந்தும் வெவ்வேறு வருணத்தார் தோன்றினர் எனும் புருஷசூக்தக் கருத்துக்கு நேரெதிராக, ஒடுக்கப்பட்ட மக்கள் ஒரே வயிற்றை நினைவுகூர்ந்தனர். எழுத்தறிவு மறுக்கப்பட்ட நிலையிலும் அவர்கள் பாதுகாத்த இவ்வறிக்கை நமது வணக்கத்துக்குரியது.

எனினும் ஆதியாகமம் இன்னும் ஆழமாகச் செல்லுகிறது. நேர்ந்த அநீதியை அது செவிப்பிழை என்று விட்டுவிடவில்லை. பாவம் என்று பெயரிட்டுக் கூறுகிறது. சகோதரன் எங்கே என்று கடவுள் கேட்கிறார். அவனைப் பார்த்துக்கொள்வது என் வேலையா என்னும் பொருள்படக் காயீன் எதிர்வினவுகிறான். நமது நாட்டுக் கதையில் வரும் 'பார்ப்பான்' என்ற சொல்லின் முதற்பொருளும் அதுவே. சகோதரனைப் பார்த்துக்கொள்ளும் கடமையை மறந்த இடத்திலேதான் சகோதரனின் மேல் ஆட்சி தொடங்குகிறது.

இவ்வினா திருச்சபையை நோக்கியும் எழுகிறது. சபையில் சாதி வேற்றுமைக்கு இடமில்லை என்று கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் 1833இல் சுற்றுமடல் எழுதினார். அதற்குப் பின் தலைமுறைகள் பல கடந்தன. ஒரே இரத்தத்தினால் மனித இனம் தோன்றியது என்று நாம் பிரசங்கிக்கிறோம் (அப். 17:26). திருமணப் பேச்சு வந்ததும் வேறொரு வம்சவரலாற்றைத் திறக்கிறோம். நற்கருணைப் பாத்திரம் ஒன்றாயிருக்க, கல்லறைத் தோட்டம் இரண்டாயிருக்கும் ஊர்கள் தமிழகத்தில் உண்டு. தீமோத்தேயு நிருபம் விலக்கிய கட்டுக்கதைகளை இராமேசுவரத்தில் மட்டும் தேடுவது முறையாகுமா? என் குலம் மேலானது என்பதைவிடப் பெரிய கட்டுக்கதை எது?

அந்தத் தர்காவின் கல்லறைகள் மெய்யாகவே ஆபேலுடையவையும் காயீனுடையவையும் என்று நாம் கொள்வதற்கில்லை. ஆயினும் அம்மரபு அறிந்தோ அறியாமலோ செய்த ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். கொன்றவனையும் கொல்லப்பட்டவனையும் அது ஒரே வளாகத்தில் கிடத்தியிருக்கிறது. நமது சபைகளோ ஒருவரையொருவர் கொல்லாதவர்களையும் சாவுக்குப் பின் பிரித்து வைக்கின்றன. ஆபேலின் இரத்தத்தினும் மேன்மையானவற்றைப் பேசும் இரத்தம் ஒன்று உண்டென்று எபிரெயர் நிருபம் சாட்சி பகர்கிறது (12:24). இரண்டாம் ஆதாமாகிய கிறிஸ்துவின் அந்த இரத்தத்தினால் ஒன்றாக்கப்பட்டோம் என்று அறிக்கை செய்யும் சபை, தன் கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவரை இடிப்பதிலிருந்து இவ்வறிக்கைக்குச் செயல்வடிவம் தரத் தொடங்கலாம்.