எண்ணெய் இஞ்சின் ஏறியும் இறங்கியும் ஓடுதல்

நிலக்கடலை பூத்து விழுது இறங்கும் தருணத்தில் பாய்ச்சல் தவறினால் காய்ப்பிடிப்புக் குறைந்துபோம் என்பதைக் குடியானவர்கள் நன்கறிவர். அத்தகைய தருணத்தில் கிணற்றுமேட்டு டீசல் இஞ்சின் ஒரே சீராய் ஓடாமல் ஏறுவதும் இறங்குவதுமாக மூச்சு வாங்கத் தொடங்கினால், உடனே அநேகருடைய கை போவது கவர்னரின் திருகுக்கே. உண்மையில் கடைசியாய்த் தொடவேண்டிய உறுப்பு அது.

கவர்னர் என்பது ஜேம்ஸ் வாட் 1788-ம் ஆண்டில் நீராவி யந்திரத்துக்குப் பொருத்திய சுழல் குண்டுகளின் வழிவந்தது. வேகம் கூடினால் குண்டுகள் விலகி எண்ணெயைக் குறைக்கும். வேகம் தணிந்தால் ஸ்பிரிங் அவற்றை அடக்கி எண்ணெயைக் கூட்டும். நிமிஷத்துக்கு 650 சுற்று ஓடும் ஒற்றைச் சிலிண்டர் இஞ்சினில் 325 தடவை வெடிப்பு நிகழும். இணைப்புக் கம்பிகளில் தேய்வோ பிசினோ இருந்தால், கவர்னரின் கட்டளை சற்றுத் தாமதித்தே எண்ணெய்ப் பம்புக்கு எட்டும். அதற்குள் வேகம் எல்லை கடந்துவிடும். பிறகு மறுபுறம் சாயும். மாக்ஸ்வெல் என்னும் விஞ்ஞானி 1868-ல் கவர்னர்களைக் குறித்து ஒரு கணித ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதினார். ஆகவே இத்தொல்லை நம்மூர் இஞ்சின்களுக்கு மட்டும் உரியதன்று.

முதலில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இஞ்சினை வெறுமே ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்கவேண்டும். ஊஞ்சல்போல் ஒழுங்காக ஏறி இறங்குமாயின் கவர்னர் இணைப்புகளையும், எண்ணெய்ப் பம்பின் ராக் தடையின்றி நகர்கிறதா என்பதையும் பார்க்கலாம். ஒழுங்கின்றி இடையிடையே வெடிப்புத் தவறி வெண்புகை கக்குமாயின் எண்ணெயில் காற்றோ நீரோ கலந்திருக்கலாம், அல்லது நாஸில் சொட்டலாம். தொட்டி மூடியின் காற்றுத் துவாரம் மண்ணடைந்திருப்பதும் உண்டு. குத்தூசி ஒன்றே அதற்கு மருந்து. தொட்டியின் அடியிலுள்ள நீரை வடித்து, பில்டரைச் சுத்தம் செய்து, பில்டரிலும் பம்பிலும் உள்ள ஏர் திருகுகளை முறையே தளர்த்தி, குமிழியில்லாமல் எண்ணெய் வரும்வரை விட்டு இறுக்கவேண்டும். நாஸிலைக் கழற்றிச் சோதிப்போர் அதன் முன் கையை நீட்டலாகாது. அந்தச் சிதறல் தோலைத் துளைத்து உள்ளே புகும்; சிறு புள்ளியாய்த் தோன்றினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டிய காயம் அது. ராக் முழு எண்ணெயில் சிக்கி இஞ்சின் கட்டுமீறிப் பறந்தால், நிறுத்தும் கைப்பிடியை இழுக்கவேண்டும். அதற்கும் அடங்காவிடில் காற்று புகும் வாயைத் தட்டையான பலகையால் மூடவேண்டும். கையாலோ துணியாலோ மூடுதல் அபாயம்.

பெல்ட் இல்லாமல் சீராய் ஓடிய இஞ்சின், பம்பை இழுக்கும்போது மட்டும் தடுமாறினால் என்ன செய்வது? இங்கேதான் பணம் வீணாகிறது. செம்மண் காட்டில் கடலை வைத்த ஒருவர் இந்நிலையில் புதிய ஸ்பிரிங்கும் புதிய நாஸிலும் மாற்றி, இரண்டு நாட்களையும் இழந்தார். கோளாறு இஞ்சினில் இல்லவே இல்லை. மூன்றாம் நாள் மாலை, தண்ணீர் விழும் குழாய்வாயின் அருகே உட்கார்ந்திருந்த அவருடைய மனைவியாரே அதைக் கண்டுபிடித்தார். தண்ணீர் மெலிந்து கக்கும் போதெல்லாம் இஞ்சினின் சத்தம் ஏறுகிறது, தண்ணீர் திரண்டு விழும்போது தணிகிறது என்பது அந்த அம்மாள் கண்டது.

அதன் பொருள் விளங்குவது எளிது. எண்ணெய் போதாமையால் இஞ்சின் தளர்ந்தால், வேகமும் தண்ணீரும் சேர்ந்தே குறையும். தண்ணீர் குறையும்போது வேகம் ஏறுமாயின், பம்பு காற்றை உறிஞ்சுகிறது, அதனால் இஞ்சினின் சுமை இறங்குகிறது என்று அறியவேண்டும். கவர்னர் தன் கடமையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

காற்று புகும் வழிகள் இரண்டு. கோடையில் கிணற்று நீர் இறங்கி, புட்வால்வின்மேல் சுழி விழுந்து காற்றை இழுப்பது ஒன்று. ஆழத்தில் நீர் இருந்தால் உறிஞ்சு குழாயை நீட்டலாம். ஆயினும் பம்புக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே சுமார் 20 அடிக்குமேல் போனால் உறிஞ்சுதல் தளரும் ஆதலால், பம்பையே படியிறக்கி வைப்பது மேல். ஊற்று போதாவிடில் வெளிவிடும் குழாயின் வால்வைச் சற்று மூடி, கிணறு தருமளவே இறைக்கவேண்டும். மற்றது உறிஞ்சு குழாயின் இணைப்பில் பாக்கிங் நைந்திருப்பது. அங்கே நீர் வெளியே கசியாது, காற்று உள்ளே போகும். ஆகையால் கண்ணுக்குப் புலப்படாது. குழைத்த களிமண்ணை ஒவ்வோர் இணைப்பாக அப்பிப் பார்க்கவேண்டும். எந்த இணைப்பை மூடியதும் ஓட்டம் சீர்ப்படுகிறதோ, அங்கேயே பழுது.

மேற்சொன்னவர் இரண்டாம் இணைப்பில் களிமண் அப்பியதும் இஞ்சின் சமனாயிற்று. அன்றிரவே நான்கு பாத்திக்கட்டுகளுக்கு நீர் பாய்ந்தது. மறுநாள் புது ரப்பர் பாக்கிங் போட்டார். ஆனால் இடையே முறுக்கிய கவர்னர் திருகை அப்படியே விட்டிருந்தமையால், இஞ்சின் பெயர்ப்பலகையிற் குறித்த சுற்றைவிட அதிகமாய் ஓடிக்கொண்டிருந்தது. பட்டறைக்காரரைச் சுற்றளக்கும் மீட்டருடன் வரவழைத்து, அதையும் பழையபடி திருப்பி வைத்தபிறகே அவர் பெல்ட்டை நிரந்தரமாய் மாட்டினார்.