பரணில் உறங்கும் மடிக்கணினி

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எத்தனையோ வீட்டுப் பரண்களில், 2011இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் பிள்ளைகள் பெற்ற மடிக்கணினி உறங்குகிறது. அவற்றுள் விண்டோஸ் 7 உடையவற்றுக்குப் புதிய பதிப்பு வழங்குவதை 2023 பிப்ரவரியில் குரோம் உலாவி நிறுத்திவிட்டது. காப்பற்ற உலாவியில் வங்கிக் கணக்கைத் திறப்பது ஆபத்து.

அதற்காகக் கடன்பட்டுப் புதுக் கணினி வாங்க வேண்டுமா? வேண்டியதில்லை; திருட்டுப் பிரதியும் வேண்டாம். எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை இலவசமாகவே நிறுவலாம். அதில் பயர்பாக்ஸ் உலாவியைத் தமிழ் முகப்புடன் பயன்படுத்தலாம். குரோமும் எட்ஜும் குரோமியம் என்னும் ஒரே அடித்தளத்தில் எழுந்தவை. பயர்பாக்ஸின் அடித்தளம் வேறு. விளம்பரங்களைத் தடுக்கும் யுபிளாக் ஆரிஜின் இதில் முழுமையாக இயங்குவது, நினைவகம் குறைந்த கணினிக்குப் பேருதவி. விண்ணப்பம் எழுத லிப்ரே ஆபிஸ், பயான் கேட்க வி.எல்.சி. இரண்டும் இலவசமே.

நிறுவும்போது பழையவை அழிந்துபோகக்கூடும். நிக்காஹ் படங்களை முதலில் பென்டிரைவில் எடுத்து வையுங்கள்.